கிளாரிட்டி ஏற்றிய வெல்லம்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாகப் பேசலாம். தின்பதற்கென்று செய்த ஒரு பொருளை, அதுவும் வெல்லத்தை, எறும்பு முதல் யானை வரை எந்தப் பிராணியும் வேண்டாம் என்று சொல்லாத வெல்லத்தை, நான் படம் எடுத்தேன். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு மெருகேற்றினேன். அந்தப் படம் போர்டாக ஏறிய பிறகு, பாலக்காட்டில் ஒரு கடை வாசலை ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார்கள். படத்துக்கு வாசனை கிடையாது. இருந்தும் பொத்தினார்கள். இப்படி ஒரு திறமை வேறு எந்த போட்டோகிராபருக்காவது உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் கை குலுக்க ஆசை. கையைக் கழுவிக்கொண்டுதான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே என் ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், சீர், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். தொழில் போட்டோ எடுப்பது என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் நான் செய்வது முகங்களை வழிப்பது. சுவருக்கு மேல்பூச்சு பூசுகிறவர் மட்டப்பலகையால் இழுத்து இழுத்து வழவழப்பாக்குவார் அல்லவா, அதே வேலை. மட்டப்பலகைக்குப் பதில் மவுஸ்.

பெண் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஏனுங்க, புள்ளைக்குக் கண்ணுக்குக் கீழ கருப்பா தெரியுதுங்களே. அதையக் கொஞ்சம் எடுத்து உட்ருங்க."

"எடுத்தர்லாங்க."

"அந்தத் தாவாக்கட்டை மச்சம்?"

"அது பொறப்புலயே இருக்கறதுங்களே அம்மிணி."

"மூஞ்சில இருந்துட்டுப் போவுது. போட்டோவுல எதுக்குங்க?"

மச்சம் போகும். அம்மைத் தழும்பு போகும். சிரித்தால் விழும் கோடு போகும். கடைசியில் ஆல்பம் முழுக்க ஒரே முகம், அவித்து உரித்த முட்டைக்குப் பொட்டு வைத்த மாதிரி. மணப்பெண்ணும் முட்டை, மாப்பிள்ளையும் முட்டை, எழுபது வயது தாய்மாமனும் மீசை ஒட்டிய முட்டை. பல வருடம் இதைச் செய்து சோறு தின்றவன்தான் நான். ஆனால் ஒரு கட்டத்தில் அந்த வழவழப்பு எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் தட்டில் இட்லி வைத்தால் முந்தின நாள் வழித்த கன்னம் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் இட்லியை நிறுத்தச் சொன்னேன். "கல்யாணப் போட்டோ எடுக்கறவனுக்குக் கல்யாணமும் ஆகாது, இட்லியும் ஆகாது, அப்பறம் எதுதான் ஆவும்?" என்றாள் என் மனைவி. புட்டு போட்டாள். புட்டு சொரசொரப்பாக இருந்தது. பரவாயில்லை.

அப்படி வழவழப்பின்மேல் வெறுப்பேறிக் கிடந்த சமயத்தில்தான் மறையூரிலிருந்து நண்பன் கூப்பிட்டான். கல்லூரியில் ஒரே விடுதி அறையில் என்னைச் சகித்துக்கொண்டவன். கரும்புத் தோட்டமும் அதை ஒட்டி வெல்லம் காய்ச்சும் ஆலையும் அவன் குடும்பத்துக்கு உண்டு. ஆலை என்றதும் புகைபோக்கி, சங்கு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஓலைக் கொட்டகை, கரும்பு பிழியும் ஒரு மிஷின், ஒரு பெரிய கொப்பரை, அதன் கீழே நெருப்பு. அவ்வளவுதான்.

"மாப்ள, பாலக்காட்டுல ஒரு பாய் கடை. பெரிய கடை. ஓணத்துக்கு நம்ம உருண்டைய வச்சு விக்கலாம்கிறாரு. வாசல்ல ஒரு போர்டு வைக்கணும், அப்பறம் பெட்டி அடிக்கணும், ஒரு படம் குடுங்கிறாரு."

"உன்ற செல்லுலயே எடுத்து அனுப்பேன்."

"அனுப்புனேன்டா. ஏன்பா, உருளைக்கிழங்கு எதுக்கு அனுப்புனேங்கிறாரு."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத நிலைமையில் இருந்தான். ஆலையை மூடிவிட்டு அந்த இடத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு ரூம் கட்டிவிடலாம் என்று அவன் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். காய்ச்சிய வெல்லம் மண்டிக்குப் போகிறது, அங்கே எங்கெங்கிருந்தோ வரும் வெல்லத்தோடு கலந்து மறையூர் என்ற பெயரில் போகிறது, நமக்கு என்ன மிச்சம் என்பது அண்ணன் கட்சி. நேராக ஒரு நல்ல கடையைப் பிடித்துக் காட்டுகிறேன், இந்த ஓணம் வரைக்கும் பொறு என்று இவன் வாக்குக் கொடுத்திருந்தான். பாய் சரி என்றால் ஆலை பிழைக்கும். இல்லையென்றால் கொப்பரை இருந்த இடத்தில் கக்கூஸ் வைத்த ரூம்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள வேணும். உருண்டைல வெரல் தடம் தெரியணும். அச்சுல ஊத்துன வெல்லத்துல அது இருக்காது. எங்க ஊருல கையால புடிக்கிறோம்ல, நாலு வெரலும் பதிஞ்சிருக்கும். அது தெரிஞ்சாத்தான் இது நம்ம சரக்குன்னு பாக்கறவனுக்குத் தெரியும்."

"கவலையே படாத. எண்ணிப் பாத்துக்கற மாதிரி தெரிய வெக்கறேன்" என்றேன். வாய்.

உடுமலை போய் மூணாறு பஸ் ஏறினேன். சின்னாறு தாண்டியதும் காடு காய்ந்துபோய்க் கிடந்தது. மறையூரில் இறங்கினால் கரும்பு பச்சை, அதற்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டம். ஆலைக்குள் நுழைந்தபோது நான் எதிர்பார்த்தது வெல்ல வாசனை. கிடைத்தது வேறு. கரும்புச்சாறு முதல் கொதி வரும்போது அதன் மேல் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நுரை பொங்கி வரும். குட்டையில் பாசி அழுகினால் வருமே, அந்த நிறம். அதை அகப்பையால் அள்ளி அள்ளி ஒரு வாளியில் கொட்டுகிறார்கள். வாளிக்குள் தேனீ, குளவி, ஈ, எல்லாம் மிதக்கின்றன, சில இன்னும் நீச்சல் அடிக்கின்றன. நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு முறை நன்றாக மூச்சு விட்டுவிட்டு வந்தேன்.

"என்னடா, மூஞ்சி இப்படிப் போவுது? அழுக்கத்தான எடுத்துக் கொட்றோம். உன்னைய அதையத் திங்கவா சொன்னேன்?" என்றான் நண்பன்.

உருண்டை பிடிக்கிற இடத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். மரத் தொட்டியில் ஊற்றிக் கிளறிய பாகு இறுகி வரும், சூடு ஆறுவதற்குள் அள்ளிக் கையால் உருட்டி, விரல்களை ஓர் அழுத்து அழுத்தி எடுத்து வைக்க வேண்டும். நான் அவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

"ஏ சார், அந்தப் பக்கம் போங்க. பாகுல விழுந்தீங்கன்னா உங்களையும் சேத்து உருட்டி வச்சிருவேன்."

"வெச்சா யாருங்கக்கா வாங்குவாங்க?"

"அதான, யாரும் வாங்க மாட்டாக. தள்ளிப் போங்க."

ஒரு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தேன். ஓலை இடுக்கு வழியாக மொத்தமாகச் சாம்பல் வெளிச்சம், உள்ளே புகை, கறுத்த வெல்லம், கறுத்த கை, பின்னால் கறுத்த தொட்டி. விரல் தடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, தெரிகிறதா என்றால் தெரியவில்லை. அந்தக் கையைக் கதவுப் பக்கம் கொண்டுவந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி கொஞ்சம் திருப்பியிருந்தால் தடம் தானாகவே பள்ளமும் மேடுமாக எழுந்து நின்றிருக்கும். கேமரா வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்கிற பாடம். ஆனால் குளவி ஒன்று என் காதைச் சுற்றிக்கொண்டிருந்தது. "மிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாப் பாவத்துக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் வாசல்படி.

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். கிளாரிட்டி என்ற ஸ்லைடரை, முகத்தை வழவழப்பாக்க, இடது பக்கம் இழுத்து இழுத்தே பழகிய கை. அன்றைக்கு முதல் முறையாக வலது பக்கம் இழுத்தேன்.

இந்தக் கிளாரிட்டி என்கிற சங்கதி என்ன செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். படம் மொத்தத்தையும் வெளிச்சமாக்குவது, இருட்டாக்குவது எல்லாம் வேறு. இது ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுக்க வைக்கும், அதை ஒட்டிக் கொஞ்சம் கறுத்திருப்பதை இன்னும் கறுக்க வைக்கும். வேலியோரம் லேசாக முறைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நடுவே போய், அவனிடம் இதையும் இவனிடம் அதையும் சொல்லி அரிவாள் தூக்க வைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஆள்தான் இது. தெருவுக்குப் புதிதாக ஒருவரும் குடி வரவில்லை. ஆனால் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறவனுக்குத் தெரு நிறைய ஆள் இருப்பது போலத் தோன்றும். படத்திலும் அதே கதை. புதிதாக ஒரு விவரமும் வருவதில்லை, இருப்பது கத்தத் தொடங்குகிறது. டெக்ஸ்சர் என்று இன்னொன்று உண்டு. அது இன்னும் பொடி சமாச்சாரங்களுக்கு. தோலின் துவாரம், நூலின் பிசிர் என்று தேடித்தேடிச் சண்டை மூட்டும். கடைசியாக ஷார்ப். அது ஓரங்களைக் கோடு போட்டுக் கீறிவிடும்.

கிளாரிட்டியை ஏற்றியதும் உருண்டையில் விரல் தடம் மெல்ல எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல வருடமாக இருப்பதை எல்லாம் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக இல்லாததை இருக்க வைக்கிறேன் என்று ஒரு மப்பு. திரையில் அந்த ஒரு விரல் பள்ளத்தை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஏற்றுவேன், பார்ப்பேன், நன்றாக இருக்கும். இன்னும் கொஞ்சம். கண் ஒரு மானங்கெட்ட சாமான். எதைக் காட்டினாலும் சற்று நேரத்தில் பழகிவிடும், பழகியதும் பற்றவில்லை என்று சொல்லும். மத்தியானம் வரை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே குடியிருந்தேன். முழுப் படத்தை ஒரு முறைகூடத் தள்ளி நின்று பார்க்கவில்லை.

மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"இதென்னங்க, எருமையா?"

"வெல்லம்."

"வெல்லமா? இதையா காசு குடுத்து வாங்கோணும்?"

"உனக்குத் தெரியாது. வெரல் தடம் எப்படித் தெரியுது பாரு."

"வெரல் தெரியுதோ இல்லியோ, எனக்கு வவுத்தப் பெரட்டுது. மூடி வெச்சுட்டுக் கைகால் கழுவிட்டு வாங்க, ரசம் ஆறுது."

கலை ரசனை இல்லாத குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று வருத்தப்பட்டுக்கொண்டே ரசம் குடித்தேன். பிறகு போய் டெக்ஸ்சரையும் ஏற்றினேன். ஷார்ப்பையும் போட்டேன். படத்தை நேராக பாலக்காட்டில் போர்டு அடிக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, நண்பனுக்கு, "முடிஞ்சுது மாப்ள, கலக்கிட்டேன்" என்று செய்தி போட்டேன்.

ஃப்ளெக்ஸ் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் டிசைனர் எந்தப் படம் வந்தாலும், கண் தெரியாத பாட்டன் படமோ கட்சித் தலைவர் படமோ, கேட்காமலே தன் பங்குக்கு இரண்டு தரம் ஷார்ப் போடுவார். பளிச்சென்று இருக்க வேண்டுமாம். கல்யாணப் பந்தலில் சாம்பார் அண்டாவைத் தாண்டிப் போகிறவரெல்லாம் பெரிய மனுஷத்தனமாக ஒரு கை உப்பைப் போட்டுவிட்டுப் போவார்களே, அது மாதிரி. நானே உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி அனுப்பிய சாம்பார் அது. அவரும் போட்டார். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

போர்டு ஏறிய மறுநாள் நண்பன் கூப்பிட்டான். குரலில் உயிர் இல்லை.

"மாப்ள, நீ போர்டைப் பாத்தியா?"

"இல்ல. எப்படி இருக்குது?"

"பாய் வேணாங்கிறாரு. வெல்லமே வேணாங்கிறாரு. போய்ப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணு."

போனேன். கடைவீதி முனையில் திரும்பியதுமே தெரிந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த படம் ஒன்றை அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நின்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உருண்டை உருண்டையாக இல்லை. நோய் கண்டு வீங்கிய ஏதோ ஒரு உறுப்பு. ஷார்ப் போட்டுப் போட்டு, கறுத்த வெல்லத்தின் ஓரம் நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கம்ப்யூட்டரில் அது மயிரிழை. போர்டில் அது பூசணம். ஊறுகாய் ஜாடியில் மழைக்காலத்தில் பிடிக்குமே, அசல் அதே பூசணம். வெல்லத்தின் மேல் இயல்பாக இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் எல்லாம் கறுத்துக் குழிந்து, ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் ஏதோ ஒன்று தலையை நீட்டப்போவது போல இருந்தது. கரும்புச் சக்கைத் தும்பு நாலைந்து ஒட்டியிருந்திருக்கும் போல. அவை மயிராகிவிட்டன. கெட்டியான, சுருண்ட, எந்த இடத்து மயிர் என்று யோசிக்கவே கூசுகிற மயிர். பின்னால் மங்கலாக எங்கேயோ உட்கார்ந்திருந்த குளவி ஒன்று, நான் எடுத்தபோது கண்ணில் படாதது, இப்போது கால் ரோமம் வரை தெரிய வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கை. உழைத்த கை, கொஞ்சம் வெடிப்பும் நகக்கண்ணில் பாகும் இருக்கும்தான். போர்டில் அது குட்டையிலிருந்து எடுத்து இரண்டு நாள் ஆன கை.

விரல் தடம் தெரிந்தது. அதை மறுக்க முடியாது. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா போர்டை நிமிர்ந்து பார்த்தார், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, குழந்தையின் தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். எதிரே டீக்கடைக்காரர் வெளியே வந்து பாய் கடையைப் பார்த்துக் கத்தினார்.

"பாய், அதைக் கழட்டுங்கன்னு காலைலேருந்து சொல்றேன்! எதுத்தாப்புல உக்காந்து எவனும் வடை திங்க மாட்டேங்கறான்!"

நான் அந்தத் தெருவைச் சேர்ந்தவனே இல்லை என்பது போல நடந்து அடுத்த சந்தில் நுழைந்தேன். ஒரு ஓடைப் பக்கம் நின்று வாந்தி வருமா என்று பார்த்தேன். வரவில்லை. தொண்டை வரை வந்து, எடுத்தவனே நீதானே, நீயே வைத்துக்கொள் என்று திரும்பிப் போய்விட்டது.

நண்பனுக்கு போன் பண்ணினேன். "தப்பாப் போச்சுடா" என்றேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்டை யாரோ செல்லில் எடுத்து அனுப்ப, அது ஆலை முழுக்கச் சுற்றிவிட்டதாம். உருண்டை பிடிக்கிற அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை மட்டும் அப்படியே ஒப்பித்தான். "அந்தச் சார இன்னொரு தடவ வரச் சொல்லுங்க. என் கை எப்படி இருக்குன்னு கன்னத்துல பதிய வச்சுக் காட்டுறேன்."

"நியாயந்தான்" என்றேன்.

"அண்ணன் வேலைய ஆரம்பிச்சுட்டான் மாப்ள. டேப்ப எடுத்துட்டு வந்து கொட்டகைய அளந்துட்டு நிக்கிறான்."

அன்று ராத்திரி என்ன செய்கிறோம் என்று தெரியாமலே என் முகத்தை ஒரு படம் எடுத்து அதே அளவுக்குக் கிளாரிட்டியும் டெக்ஸ்சரும் ஏற்றிப் பார்த்தேன். மூக்கு ஒரு பலாக்காய். கண்ணைச் சுற்றி உழுது போட்ட காடு. புருவ முடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை நிழல், பேன் தன் ஈர்களைச் சீர்வரிசையாக வைத்தது போல. வழவழப்பைக் கண்டு குமட்டியவனுக்கு இப்போது சொரசொரப்பைக் கண்டும் குமட்டியது. மறுநாள் புட்டையும் நிறுத்தச் சொன்னேன். மனைவி பழைய சோற்றை வைத்தாள்.

நண்பன் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்றான். ஒரு கூடை உருண்டையோடு முதல் பஸ் பிடித்து வந்தான். நானும் கூடவே போனேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னான். போர்டை எப்படிக் கெடுத்தேன் என்று நானே பாய்க்கு விளக்கினால் வெல்லத்தின் மேல் பழி வராது என்று நான்தான் அடம் பிடித்தேன்.

பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, அதிகம் பேசாத மனிதர். வழிவழியாகப் பாலக்காட்டில் கடை வைத்திருக்கும் தமிழ் ராவுத்தர் குடும்பம். போர்டைக் கழற்றி, படம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார். "உக்காருங்க" என்றார். கூடையைப் பார்க்கவில்லை.

நான் ஆரம்பித்தேன். கிளாரிட்டி என்றால் என்ன, ஓரத்தில் வெள்ளைக் கோடு எப்படி விழுகிறது, அது பூசணம் இல்லை, துளை துளை இல்லை, மயிர் மயிர் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டை உதாரணம்கூடச் சொன்னேன். நண்பன் என் காலை மிதித்தான். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடை உப்பு விவகாரத்துக்கும் போனேன்.

பாய் கடைசி வரை கேட்டார். பிறகு நண்பனிடம் திரும்பினார்.

"தம்பி, என் ஊட்டுக்காரிகிட்ட உங்க வெல்லத்தப் பத்தி அவ்வளவு சொல்லி வெச்சிருந்தேன். அவ கடைக்கு வந்து இந்தப் போர்டைப் பாத்துட்டு, இதத்தான் ஓணத்துக்கு நாலு பேருக்கு விக்கப் போறீங்களான்னு கேட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டா. பரஸ்யம் இப்படியானா, சாதனம் எப்படி இருந்தா என்ன?" விளம்பரத்துக்குப் பரஸ்யம், சரக்குக்குச் சாதனம் என்று அவர் தமிழில் மலையாளம் கலந்து வந்தது.

"சாதனம் நல்லதுங்க பாய். ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க" என்றான் நண்பன். குரல் கெஞ்சலாக வரக் கூடாது என்று பார்த்தான், வந்தது.

பாய் கூடைக்குள் கை விட்டு ஒரு உருண்டையை எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். கடை வாசலிலிருந்து வெயில் பக்கவாட்டில் விழுந்தது. நான் மறையூரில் செய்யாமல் விட்டதை அவர் மூன்று விநாடியில், எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் செய்துவிட்டார். நாலு விரலும் மெத்தென்று தெரிந்தன. தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தார். மோந்தார். தராசுக் கல்லால் தட்டி உடைத்தார். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை நண்பனுக்கும் ஒன்றை எனக்கும் நீட்டினார்.

இங்கேதான் ஆபத்து. கையில் வாங்கிய துண்டை நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. உடைந்த ஓரத்தில் ஒரு சக்கைத் தும்பு நீட்டிக்கொண்டிருந்தது. உடனே அது மயிரானது. துளை குழியானது. ஓரத்தில் பூசணம் ஏறியது. என் கண்ணுக்குள்ளேயே யாரோ ஸ்லைடரை வலது பக்கம் இழுத்துக்கொண்டே போனார்கள். நாக்கின் அடியில் எச்சில் ஊறியது, வெல்லத்துக்கு ஊறும் எச்சில் இல்லை, மற்ற எச்சில்.

பாய் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். வெல்லத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தை மட்டும். வெல்லத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அதைக் காய்ச்சுவதைக் கண்ணால் கண்டவன், இவன் தின்கிறானா என்று பார்க்கிறார். எனக்குப் புரிந்தது. நண்பனுக்கும் புரிந்தது. மறையூரில் ஒருவர் டேப்போடு நின்றுகொண்டிருப்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"திங்குடா" என்றான் நண்பன், உதடு அசையாமல்.

கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் சந்தேகம் வரும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பெண் வீட்டில் சிரிக்கும் மாப்பிள்ளை போலப் பல்லைக் காட்டிக்கொண்டு, வாயில் போட்டேன். முதல் கடியில் குமட்டியது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன். இரண்டாவது கடியில் இனிப்பு வந்தது, அதற்குப் பின்னால் லேசாக ஒரு உப்பும் புகையும். நாக்குக்குக் கண் இல்லாதது எவ்வளவு பெரிய புண்ணியம். விழுங்கினேன். வயிறு ஒரு தரம் எழுந்து நின்று, யோசித்து, உட்கார்ந்தது.

"நல்லாருக்குதுங்க பாய்" என்றேன். கண்ணில் நீர் கட்டியிருந்தது. உணர்ச்சிவசப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பாய் கையில் ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்தார். இன்னொரு வெல்லத் துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதை மெதுவாகக் கரைய விட்டார். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நண்பன் கூடையின் காதைப் பிடித்தபடி நின்றான், தூக்கிக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல்.

"ஓணம் தொடங்கற அத்தத்துக்கு முன்னாடி கடைக்கு வந்து சேரணும்" என்றார் பாய் அவனிடம். "இதே சாதனம். கலப்பு இருந்தா அந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிடுவேன்."

நண்பன் கூடையை விட்டுவிட்டான். அண்ணனுக்கு போன் பண்ண வெளியே ஓடினான். "அளந்தது போதும், டேப்ப உள்ள வைடா" என்று அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அண்ணனை 'டா' போட்டதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

"பாய், போர்டுக்கும் பெட்டிக்கும் புதுசா ஒரு படம் எடுத்துத் தர்றேனுங்க. காசு வேண்டாம். கிளாரிட்டி கிளாரிட்டின்னு ஒண்ணும் தொட மாட்டேன், எடுத்தது எடுத்தபடி. அந்தப் பழைய படத்தப் பாத்தவங்க எல்லாம் இதைப் பாத்து வந்து வாங்குவாங்க பாருங்க."

பாய் கூடையிலிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நான் அதைப் பாக்காதவங்களுக்கே வித்துக்கறேன் தம்பி."